கணிதத்தோடு பொருளியலும் நிதியும் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணிதமும் பொருளியலும் சேர்த்துப் படித்தவன் என்று தெரிந்ததும் என்னிடம் வந்து சேரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்ததால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். சேர்க்கை விதிகளும் கட்டணமும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

1. கணக்கு என்றால் கணக்குதானே? வணிகவியல் படித்தாலும் கணக்குதான் போடப்போகிறோம். தனியாகக் கணிதம் எதற்கு?

தமிழில் இந்தக் குழப்பம் இயல்பானதே. பற்று வரவு எழுதுவதும் கணக்கு, முக்கோணத்தின் பரப்பைக் காண்பதும் கணக்கு. பல்கலைக்கழகத்தில் இரண்டும் வெவ்வேறு திசையில் போய்விடும். கணக்குப்பதிவியல் என்பது ஒரு நிறுவனத்தில் நடந்ததை, பலரும் ஒப்புக்கொண்ட விதிகளின்படி பதிந்து காட்டும் துறை. அதில் கூட்டல் கழித்தலைத் தாண்டிய கணிதம் அபூர்வம். எதை எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் காட்டுவது என்பதில்தான் சிக்கலெல்லாம். கணிதமோ ‘இப்படி இருந்தால்’ என்று தொடங்கி, அதிலிருந்து தப்பாமல் பின்தொடர்வது எது என்று காட்டும் துறை. அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பலமுறை வரும்.

இரண்டும் சந்திக்கும் இடம் வட்டி. ஆண்டுக்கு 100 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ஒரே முறை வட்டி சேர்த்தால் 1 என்பது 2 ஆகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்தால் 2.25. மாதந்தோறும் சேர்த்தால் 2.61, நாள்தோறும் சேர்த்தால் 2.71. கடன் கொடுப்பவருக்கு இந்த எண்களே போதும். ‘நொடிக்கு நொடி சேர்த்தால் தொகை எல்லையின்றிப் பெருகுமா, எங்காவது நின்றுவிடுமா?’ என்பது கணிதக்காரரின் கேள்வி. 1683 இல் யாக்கோபு பெர்னூலி இதை எடுத்துக்கொண்டு, அது 2க்கும் 3க்கும் இடையில் நின்றுவிடும் என்று காட்டினார். இன்று நாம் 2.71828 என்று தொடங்கி எழுதும் மாறிலி அதுதான்.

2. பள்ளியில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். பல்கலைக்கழகத்திலும் சமாளித்துவிடலாம் அல்லவா?

முதல் ஆண்டு சமாளிக்கலாம். அதன் பிறகு விளையாட்டின் விதியே மாறுகிறது. பள்ளியில் ‘விடையைக் காண்க’ என்பார்கள். இங்கே ‘நிறுவுக’ என்பார்கள். நிறுவல் எழுதுவது தனித் திறமை. சூத்திரத்தை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே தடுமாறுவதையும், பள்ளியில் ‘ஏன்? ஏன்?’ என்று கேட்டு ஆசிரியரைப் படுத்தியவர்கள் மேலே வருவதையும் பார்த்திருக்கிறேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்பதற்கான பழைய நிறுவலை எங்காவது தேடிப் படியுங்கள். அரைப் பக்கம்தான் இருக்கும். படித்து முடித்ததும் ‘அடடா’ என்று தோன்றினால் தைரியமாகச் சேருங்கள். ‘சரி, இதனால் என்ன?’ என்று மட்டும் தோன்றினால், பொருளியலையோ நிதியையோ முதன்மையாக வைத்துக் கணிதத்தைத் துணையாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

3. கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம், துணைப்பாடம் என்று பலவிதமாகச் சொல்கிறார்களே, எது எது?

பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். பொதுவான பொருள் இது. கூட்டுப் பட்டத்தில் இரு துறைகளும் சேர்ந்து ஒரே பாடத்திட்டம் வகுத்திருக்கும்; ஒரே பட்டம்; இரண்டிலும் சில உயர்நிலைப் பாடங்கள் விடுபட்டிருக்கும். இரட்டை முதன்மைப் பாடம் அல்லது இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு துறைகளின் நிபந்தனைகளையும் தனித்தனியாக நிறைவேற்ற வேண்டும். சுமை கூடும், சில இடங்களில் ஓராண்டும் கூடும். துணைப்பாடம் என்பது ஐந்தாறு பாடங்கள்.

பெயரைவிட, எந்தப் பாடங்கள் விடுபடுகின்றன என்பதைப் பாருங்கள். பட்டத்தின் பெயரில் கணிதம் இருந்தும் நிறுவல் சார்ந்த பாடம் ஒன்றுகூட இல்லாத திட்டங்கள் உண்டு.

4. பொருளியல், நிதி, வணிக நிர்வாகம். மூன்றில் எதைக் கணிதத்தோடு சேர்ப்பது?

கணிதத்தோடு மிக ஆழமாகப் பிணைந்தது பொருளியல். மனிதர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள், சந்தை எப்போது சமநிலைக்கு வரும், எப்போது வராது என்ற கேள்விகள் நேராகக் கணிதக் கேள்விகளாக மாறும். நிதியில் நிகழ்தகவு அதிகம். ஆனால் இளங்கலை நிலையில் கற்பிக்கப்படும் நிதிப் பாடங்களில் கணிதம் பெரும்பாலும் லேசானது. கனமான பகுதி முதுகலையில்தான் தொடங்கும். வணிக நிர்வாகத்தில் மனிதர்களை நடத்துவது, சந்தைப்படுத்துவது, சட்டம் எனப் பல இருக்கும். கணிதத்தோடு தொடுப்பு குறைவு. வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே கைகொடுப்பவையும் அவைதான்.

எதற்கென்று தெரியாமல் சேர்பவர்களுக்கு நான் பொருளியலையே சொல்வேன். அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் போகும் வழி திறந்தே இருக்கும். எதிர்த்திசையில் போவது கடினம்.

5. இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் உண்மையிலேயே கூடுதல் பயன் உண்டா? இல்லை, பெயருக்குத்தான் இரண்டா?

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10. அவற்றின் பெருக்கற்பலன் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். விடை 5, 5, பெருக்கற்பலன் 25. இதை, நிபந்தனைக்கு உட்பட்டு உச்சத்தைக் காணும் லக்ராஞ்சியின் முறையில் செய்யும்போது லாம்டா என்ற துணை மாறி ஒன்று நடுவில் வரும். அதன் மதிப்பு இங்கே 5. கணித வகுப்பில் அதை ஒரு கருவியாகப் பயன்படுத்திவிட்டு, விடை வந்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம்.

அடுத்த மணி நேரம் பொருளியல் வகுப்பு. அதே கணக்கில் 10 என்பது உங்கள் கையிருப்பு, பெருக்கற்பலன் என்பது உற்பத்தி. கையிருப்பு 11 ஆனால் உற்பத்தி எவ்வளவு கூடும்? 5.5ஐ 5.5ஆல் பெருக்கினால் 30.25. ஏறக்குறைய 5 கூடியிருக்கிறது. அதாவது, தூக்கிப் போட்ட லாம்டாதான் இன்னும் ஓர் அலகு கையிருப்பின் மதிப்பு. ‘நிழல் விலை’ என்று இதற்குப் பெயர். ஓர் இயந்திரத்தைக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்ட எவ்வளவு வரை கொடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை இதுவே. சோவியத் கணிதவியலாளர் லெயோனித் கந்தரோவிச் 1939 இல் ஒட்டுப்பலகை ஆலை ஒன்றின் உற்பத்திச் சிக்கலில் தொடங்கி இந்த வழியில்தான் நேரியல் திட்டமிடலுக்கு (இருக்கும் வளங்களை மிகச் சிறப்பாகப் பங்கிடும் கணித முறைக்கு) வந்து சேர்ந்தார். 1975 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நான் லாம்டாவைப் புரிந்துகொண்டது கணித வகுப்பில் அல்ல என்பதை என் கணிதப் பேராசிரியரிடம் கடைசி வரை சொல்லவில்லை.

6. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகிவிடாதா?

ஆகலாம். எனக்கு ஒரு பருவத்தில் ஆனது. மெய்ப் பகுப்பாய்வு (நுண்கணிதத்தின் அடித்தளத்தை நிறுவல்களோடு படிப்பது), அருவ இயற்கணிதம், ஆட்டக் கோட்பாடு (பிறர் என்ன செய்வார்கள் என்று பார்த்து முடிவெடுப்பது பற்றியது), நிதிக் கணக்கியல் நான்கையும் ஒன்றாக எடுத்தேன். மொத்தப் பாடநேரம் விதிகளுக்குள் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. நான்கில் ஒன்றில் தோற்றேன், இன்னொன்றில் கரையேறினேன், அவ்வளவுதான்.

நேரம் எவ்வளவு என்பதைவிட அது எத்தகைய நேரம் என்பதுதான் முக்கியம். பொருளியல் அத்தியாயத்தை அரை மணி, அரை மணியாகப் பிரித்துப் படிக்கலாம். நிறுவல் அப்படி வசப்படாது. இரண்டு மணி நேரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்து, மறுநாள் குளிக்கும்போது விளங்கும் சமாச்சாரம் அது. ஆகவே ஒரு பருவத்தில் நிறுவல் சார்ந்த பாடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். மற்ற இடங்களை வாசிப்பும் கணக்கீடும் உள்ள பாடங்களால் நிரப்புங்கள். தேர்வு வாரத்தில் இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு அட்டவணை போடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. கணிதத்தில் நிறையப் பாடங்கள் இருக்கின்றன. பொருளியல், நிதி பக்கம் போகிறவர் எவற்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும்?

நுண்கணிதம் (பல மாறிகளுடையது வரை), நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், உகமமாக்கல் (மிகச் சிறந்த விடையைத் தேடும் முறைகள்). இந்த ஐந்தும் இல்லாவிட்டால் கணிதம் படித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. நேரியல் இயற்கணிதத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1952 இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் முதலீட்டைப் பல பங்குகளில் பிரிப்பது பற்றி எழுதிய கட்டுரையின் சாரம், பங்குகள் தனித்தனியாக எப்படி ஏறி இறங்குகின்றன என்பது மட்டுமல்ல, சேர்ந்து எப்படி அசைகின்றன என்பதும் முக்கியம் என்பதே. 100 பங்குகள் இருந்தால் இணைகள் மட்டும் 4,950. அவற்றைக் கையாள அணிகளை விட்டால் வேறு வழியில்லை.

அடுத்த அடுக்கில் மெய்ப் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள், வாய்ப்புசார் செயல்முறைகள் (காலப்போக்கில் தற்செயலாக மாறுபவை பற்றியது). கணித நிதியில் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு அளவைக் கோட்பாடு (நிகழ்தகவுக்குக் கணித அடித்தளம் தருவது). எண் கோட்பாடும் இடத்தியலும் அழகுக்காக எடுக்கலாம். நான் எடுத்தேன், வருத்தமில்லை.

8. மெய்ப் பகுப்பாய்வு எதற்கு? எந்த நிறுவனத்திலும் எப்சிலான், டெல்டா என்று யாரும் கேட்கப்போவதில்லையே?

அந்தப் பாடத்து நிறுவல்களில் மிகச் சிறிய அளவுகளைக் குறிக்கும் இந்த எழுத்துகளை யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் இந்தச் சிக்கலைப் பாருங்கள். ஊரில் இரண்டே கடைகள், ஒரே பொருள். எதிர்க்கடைக்காரர் 100க்கு விற்கிறார். நீங்கள் அதைவிடத் துளி குறைத்து விற்றால் வாங்குபவர்கள் எல்லோரும் உங்களிடம் வந்துவிடுவார்கள். எந்த விலை உங்களுக்கு மிகச் சிறந்தது? 99? இல்லை, 99.5 இன்னும் நல்லது. 99.9 அதைவிட நல்லது. 99.99? எந்த விலையைச் சொன்னாலும் அதைவிடச் சிறந்த ஒன்று இருக்கும். 100ஐத் தொட்டாலோ பாதி வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். ஆக, ‘மிகச் சிறந்த விலை’ என்று ஒன்று இல்லவே இல்லை. பள்ளிக் கணிதம் உச்சத்தைத் தேடக் கற்றுத் தந்தது. உச்சம் என்று ஒன்று உண்டா என்று முதலில் கேட்கக் கற்றுத் தருவது மெய்ப் பகுப்பாய்வு.

பொருளியலின் மையமே இந்த ‘உண்டா?’ என்ற கேள்விதான். பலர் கலந்துகொள்ளும் போட்டியில் யாருக்கும் தன் முடிவை மாற்றத் தோன்றாத நிலை ஒன்று உண்டு என்று ஜான் நாஷ் 1950 இல் காட்டியதற்கு அடிப்படை, ஒரு மாற்றத்தின்போது இடம் மாறாத புள்ளி உண்டு என்று சொல்லும் நிலைப்புள்ளித் தேற்றம் என்ற தூய கணிதம். கென்னத் ஆரோவும் ஜெரார்ட் டெப்ரூவும் 1954 இல், எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலையில் நிற்கும் விலைகள் எந்த நிபந்தனைகளில் இருக்கும் என்று காட்டியதும் அதே வகைக் கருவியால்தான். பொருளியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது பல துறைகள் இந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைத் தேடிப் பார்ப்பதற்கும் காரணம் இதுவே.

9. நிகழ்தகவும் புள்ளியியலும் ஒன்றுதானே? ஒன்று எடுத்தால் போதாதா?

போதாது. பகடை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு, என்ன விழும் என்று கேட்பது நிகழ்தகவு. விழுந்ததைப் பார்த்து, பகடை எப்படிப்பட்டது என்று ஊகிப்பது புள்ளியியல். திசையே எதிர்.

நிகழ்தகவு இல்லாமல் சராசரியை நம்புகிறவர்களுக்கு நான் வைக்கும் கணக்கு இது. ஒரு முதலீடு ஓராண்டு 50 சதவீதம் ஏறுகிறது, மறு ஆண்டு 50 சதவீதம் இறங்குகிறது. இப்படியே மாறி மாறி. ஆண்டுச் சராசரி பூஜ்யம். அப்படியென்றால் போட்ட பணம் அப்படியே இருக்குமா? 100 என்பது 150 ஆகி, 75 ஆகிவிடும். 20 ஆண்டுகள் கழித்து 6கூட மிஞ்சாது. சதவீதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. அதனால் கூட்டுச் சராசரி இங்கே பொய் சொல்கிறது. இதை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தவர், சராசரி வருவாயை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்ட விளம்பரத்தைப் பார்த்து ஏமாறமாட்டார்.

10. கணிதம் தெரிந்தால் பங்குச் சந்தையில் பணம் சம்பாதிக்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவரின் கண்ணில் ஒளியும் இதற்குத்தான் அதிகம். ஜேம்ஸ் சைமன்ஸ் வடிவியலில் பெயர் பெற்ற கணிதப் பேராசிரியர். 1982 இல் ரெனைசான்ஸ் டெக்னாலஜீஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வம் சேர்த்தார். எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அவர் தனியாளாக ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. கணிதம், இயற்பியல், கணினியியல் வல்லுநர்கள் கூட்டமும் ஆண்டுக்கணக்கான தரவும் பின்னால் இருந்தன.

லூயி பாஷெலியே என்பவரைச் சொல்பவர்கள் குறைவு. 1900 இல் பாரிசில், விலைகளின் ஏற்ற இறக்கத்தை வாய்ப்புசார் அசைவாகக் கண்டு ஆய்வேடு எழுதினார். அதே கணிதத்தை ஐன்ஸ்டீன் துகள்களின் அசைவுக்குப் பயன்படுத்தியது 1905 இல்தான். பாஷெலியே ஆய்வேட்டின் அடிப்படையே, ஊக வணிகரின் சராசரி லாப எதிர்பார்ப்பு பூஜ்யம் என்பது. ஆக, இந்தத் துறையின் முதல் ஆய்வேடு சந்தையை வெல்லும் வழியைச் சொல்லவில்லை, அது ஏன் கடினம் என்பதைச் சொன்னது. பட்டப்படிப்பு உங்களுக்குத் தருவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது அறிவைத்தான்.

11. இத்தனை கணிதமும் ஏட்டுச் சுரைக்காய்தானே? பெரிய மேதைகள் நடத்திய நிறுவனமே கவிழ்ந்ததே?

லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பற்றித்தான் கேட்கிறீர்கள். விருப்ப ஒப்பந்தங்களுக்கு (ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ உரிமை தருபவை) விலை காணும் முறையை ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோர் 1973 இல் வெளியிட்டார்கள். பிளாக் 1995 இல் இறந்துவிட, மற்ற இருவரும் 1997 இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த இருவரும் பங்காளிகளாக இருந்த நிறுவனம் அது. 1998 இல் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்தபின் சந்தைகள் ஒரே திசையில் ஓட, நிறுவனம் ஆட்டம் கண்டது. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டு, அது மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு விழாமல் பார்த்துக்கொண்டன.

தேற்றங்கள் பொய்யாகவில்லை. முதல் கேள்வியில் சொன்ன ‘இருந்தால்’ என்ற சொல்தான் பொய்யானது. விலைகள் திடீரென்று தாவாமல் இருந்தால், எப்போது வேண்டுமானாலும் வாங்கவும் விற்கவும் ஆள் இருந்தால், ஒரு சந்தையின் சரிவு மற்றதைத் தொடாமல் இருந்தால். அதோடு சொந்தப் பணத்தைப் போலப் பல மடங்கு கடன் வாங்கிப் போட்டிருந்தார்கள்; காத்திருக்க அவகாசம் இல்லை. சுரைக்காய் நல்ல சுரைக்காய்தான், அடுப்பில் வேறு நெருப்பு எரிந்தது. இந்த இடத்தில்தான் பொருளியலும் நிதி வரலாறும் படித்தவர் தேவைப்படுகிறார். ‘இருந்தால்’ என்பதிலிருந்து முடிவுக்குப் போகத் தெரிந்தவர் கணிதக்காரர். அந்த ‘இருந்தால்’ எந்த ஆண்டுகளில் இல்லாமல் போனது என்று தெரிந்தவர் மற்றவர். ஒரே தலைக்குள் இருவரும் இருந்தால் நல்லது என்பதுதான் இந்தக் கூட்டுப் படிப்புக்கு நான் சொல்லும் காரணம்.

12. பொருளியல் மனிதர்களைப் பற்றியது. அதில் இவ்வளவு கணிதம் தேவையா?

இந்தச் சந்தேகம் பொருளியலாளர்களுக்கே உண்டு. ஆல்ஃபிரட் மார்ஷல் 1865 இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். கணிதம் வராதவர் புலம்பினார் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் 1906 இல் புள்ளியியலாளர் ஆர்தர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழிமுறை சொல்கிறார். கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து. வேலை முடிந்ததும் சாதாரண மொழிக்கு மாற்று. வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு. பிறகு கணிதத்தை எரித்துவிடு. உதாரணம் கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பையும் எரித்துவிடு.

எரிக்கும் அளவுக்கு நான் போகமாட்டேன். தேர்வுத்தாளில் வேண்டவே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முடிவையும் சமன்பாடு இல்லாமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் புரியவில்லை என்று பொருள்.

13. கணக்குப்பதிவியல் தாங்க முடியாத சலிப்பு. தவிர்த்துவிடலாமா?

கணிதம் விரும்பிகள் எல்லோரும் கேட்பது. ஒரு பாடமாவது எடுங்கள். லாபம் காட்டும் நிறுவனம் கையில் பணமில்லாமல் மூடப்படுவது எப்படி என்பதை எந்தத் தேற்றமும் சொல்லித் தராது. விற்றது கடனுக்கு என்றால் லாபம் ஏட்டில் ஏறிவிடும், பணம் வந்து சேர்ந்திருக்காது. இருப்புநிலைக் குறிப்பையும் பணப்பாய்வு அறிக்கையையும் படிக்கத் தெரியாமல் நிதி மாதிரி கட்டுபவர், பொய்யான எண்களைத் துல்லியமாகப் பெருக்கிக்கொண்டிருப்பார்.

14. நிரல் எழுதத் தெரிய வேண்டுமா? எக்செல் போதாதா?

பைதான் அல்லது ஆர் (R), இந்த இரண்டு நிரல்மொழிகளில் ஒன்று தெரிய வேண்டும். விரிதாளை நான் இகழமாட்டேன். நிதித்துறை பெருமளவில் அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதில் பிழை கண்ணுக்குத் தெரியாது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010 இல் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் மிகுந்த நாடுகளின் வளர்ச்சி மந்தமாக இருப்பதாகச் சொல்லிப் பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் மேற்கோளானது. 2013 இல் ஓர் ஆராய்ச்சி மாணவர் அவர்களின் விரிதாளை வாங்கித் திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. அந்தக் கட்டுரை மீது எழுந்த விமர்சனம் அது ஒன்று மட்டுமல்ல. என்றாலும் எல்லோர் மனத்திலும் நின்றது அதுதான். நிரலாக எழுதியிருந்தாலும் பிழை நேரலாம். ஆனால் வரிக்கு வரி படித்துக் கண்டுபிடிக்கலாம்.

15. கணினியே எல்லாக் கணக்கையும் போட்டுவிடுகிறது, இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவலும் எழுதுகிறது. இனி எதற்கு இந்தப் பாடு?

கணக்குப் போடுவதற்காக என்றால் தேவையில்லை. வந்த விடை எந்த ‘இருந்தால்’ மீது நிற்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். பதினோராம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

16. காப்பீட்டுக் கணிதம் என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது இதற்குள் வருமா?

வரும்; இந்தக் கூட்டுப் படிப்புக்கு மிகப் பொருத்தமான தொழில்களில் ஒன்று. எத்தனை பேர் எந்த வயதில் இறப்பார்கள், எத்தனை வீடுகள் தீப்பிடிக்கும் என்று மதிப்பிட்டு, இன்று எவ்வளவு வசூலித்தால் நாளை வாக்கைக் காப்பாற்றலாம் என்று கணிப்பது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி, 1693 இல் பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணை தயாரித்து, ஆயுள் முழுவதும் தரும் ஆண்டுத்தொகைக்கு விலை காணும் வழியைச் சொன்னார். அட்டவணையின் தோற்றம் இன்றும் பெரிதாக மாறவில்லை.

பட்டத்தோடு முடியாது என்பதை அறிந்து இறங்குங்கள். இந்தத் தொழிலுக்கான தொழில்முறை அமைப்புகள் நடத்தும் தேர்வுகள் பல உண்டு. வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும். பட்டப் பாடங்களைச் சரியாகத் தேர்ந்தால் சில தேர்வுகளுக்கு விலக்குக் கிடைப்பதுண்டு. மூன்றாம் ஆண்டில் அல்ல, முதலாண்டிலேயே விசாரியுங்கள்.

17. முதலில் வணிகம் படித்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு கணிதம் கற்றுக்கொள்ளக் கூடாதா?

முடியும். செய்தவர்களை அறிவேன், அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணிதம் படிகளால் ஆனது. நுண்கணிதம் இல்லாமல் நிகழ்தகவு இல்லை, நிகழ்தகவு இல்லாமல் வாய்ப்புசார் செயல்முறை இல்லை. நடுவில் ஏறிக்கொள்ள முடியாது. சந்தைப்படுத்துதல் புத்தகத்தை 30 வயதில் எடுத்து நேராக ஏழாம் அத்தியாயத்தைப் படிக்கலாம். மேலும், ஒன்றும் புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் (ஆறாம் கேள்வி) வேலைக்குப் போனபின் யாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

18. ஒரு கணிதப் பாடத்தில் தோற்றுவிட்டேன். விட்டுவிடலாமா?

எதில் தோற்றீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் நிறுவல் பாடத்தில் என்றால் விடாதீர்கள். அந்த மொழி பழக ஒரு பருவம் பலருக்குப் போதுவதில்லை. திரும்ப எடுக்கும்போது பாதி புரிந்திருப்பதை உணர்வீர்கள். நான் உணர்ந்தேன். நேரியல் இயற்கணிதத்திலும் நிகழ்தகவிலும் இரண்டாம் முறையும் தோற்று, படிக்க உட்காரவே மனம் வரவில்லை என்றால், கணிதத்தைத் துணைப்பாடமாகக் குறைப்பதைப் பற்றிப் பேராசிரியரிடம் பேசுங்கள். வீட்டில் சொல்லத் தயங்கிக்கொண்டு இன்னும் ஓராண்டு இழுப்பதுதான் மோசம்.

19. ‘இதைப் படித்தால் என்ன வேலை?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

மருத்துவம் படித்தால் மருத்துவர் என்பதுபோல் ஒற்றைச் சொல் இதற்கு இல்லை, சிக்கல் அதுதான். வங்கிகளில் இடர் மதிப்பீடு, காப்பீடு, மைய வங்கி, அரசுப் புள்ளியியல் துறை, விலை நிர்ணயமும் ஏலமும் வடிவமைக்கும் தொழில்நுட்ப நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், ஆசிரியப் பணி, ஆராய்ச்சி என்று பட்டியலாகச் சொல்லுங்கள். முதல் வேலையில் நீங்கள் படித்ததில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாது என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டாம், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

20. ஒரே விஷயத்தைக் கணிதத் துறையில் ஒரு விதமாகவும் பொருளியல் துறையில் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். எதைப் பின்பற்றுவது?

இதைக் கேட்பவர் இரண்டிலும் உண்மையாகவே மூழ்கிவிட்டார் என்று அர்த்தம். மிகப் பழைய உதாரணம், விலைக்கும் வாங்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தேவைக் கோடு. விலை மாறினால் வாங்கும் அளவு மாறும். ஆகவே கணித வழக்கப்படி விலை கிடை அச்சில், அளவு செங்குத்து அச்சில் வர வேண்டும். பொருளியல் புத்தகங்களில் தலைகீழாக இருக்கும். பன்னிரண்டாம் கேள்வியில் வந்த மார்ஷல் அப்படி வரைந்தார், உலகம் தொடர்ந்து வரைகிறது. சாய்வைக் கணக்கிடும்போது தலைகீழாக்க மறந்து, நெகிழ்ச்சியை (விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பதை) தவறாக எழுதும் மாணவர்களில் பெரும்பாலோர் கணிதம் நன்றாகத் தெரிந்தவர்களே.

எந்தத் துறைத் தேர்வோ அந்தத் துறை வழக்கம். வரைபடம் போட்டால் கோட்டை வரைவதற்கு முன் இரண்டு அச்சுகளுக்கும் பெயர் எழுதிவிடுங்கள்.